விரல் வைத்துப் பார்க்காத நான்கு மாதங்கள்

“15.5.2006, திங்கள், காலை 6.10. இடது கீழ்க் கடைவாய். விரல் வைத்துப் பார்த்தேன். லேசாக ஆடுகிறது.”

அந்தத் தேதியில் என் குறிப்பேட்டில் உள்ளது இவ்வளவுதான். ஆடியது ஓர் இம்ப்ளான்ட் (பல் போன இடத்தில் தாடை எலும்புக்குள் பதிக்கும் டைட்டானியத் திருகு). அதே இடத்தில் இரண்டாவது. முதலாவது, 2005 மார்ச்சில் பதித்து ஜூலையில் கழன்றது.

அன்று மாலையே செம்பாக்கத்திலிருந்து மனைவியுடன் கிழக்குத் தாம்பரத்துப் பல் மருத்துவரிடம் போனேன். திருகு மருத்துவரின் கையோடு வந்துவிட்டது. எக்ஸ்ரேயைப் பார்த்தபின் அவர் சொன்னார்: எலும்பு இன்னும் ஒரு முறைக்குத்தான் தாங்கும். அதுவும் தோற்றால், இருபுறமும் உள்ள நல்ல பற்களைச் சீவி பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் கட்டுப்பல்) போட வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் என்னிடம் பழுதில்லாமல் இருந்தவை கொஞ்சம். அவற்றில் அந்த இரண்டும் அடக்கம்.

“கெட்டியா ஏதாவது கடிச்சீங்களா சார்?”

இல்லை என்று சொல்லிக் குறிப்பேட்டை நீட்டினேன். சற்றுப் பெருமையாகவே. அவர் பக்கங்களைப் புரட்டினார்.

“தினமும் ‘அசைவு இல்லை’ன்னு எழுதியிருக்கீங்களே, எப்படித் தெரிஞ்சுது?”

“ஈறுக்கு மேல முனை தெரியுதே டாக்டர், அதை ஆட்டிப் பார்ப்பேன்.”

“எத்தனை தடவை?”

“காலைல, ராத்திரி. டவுட்டா இருந்தா மத்தியானமும்.”

மருத்துவர் குறிப்பேட்டை மூடினார். எலும்பு திருகைப் பற்றிக்கொள்ளும்வரை அதை அசைக்கவே கூடாது என்றார்.

“ஏங்க, அரைமணிக்கு ஒரு தடவை ஸ்பூனை விட்டா தயிர் தோயுமா?” என்றாள் மனைவி.

என் விரல்தான் காரணமா என்று கேட்டேன். “இருக்கலாம் சார். உங்க எலும்பும் அவ்வளவு கெட்டி இல்ல. எதுன்னு என்னால சொல்ல முடியாது.”

மூன்றாவதை டிசம்பரில் பதித்தார். விரல் மட்டுமல்ல, நாக்கும் அந்தப் பக்கம் போகக் கூடாது. முதல் வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குறிப்பேட்டில் தேதியை மட்டும் எழுதி, கீழே வெற்றிடம் விட்டேன். பொங்கலுக்குப் பின் தேதியும் எழுதவில்லை. கரும்பை மற்றவர்கள் கடித்தார்கள்.

2007 ஏப்ரலில் மருத்துவர், வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சிறு கண்ணாடியின் கைப்பிடியால் திருகைத் தட்டினார். தாடை முழுவதும் அதிர்ந்தது.

“பிடிச்சுக்கிச்சு சார். இனிமே நீங்களே ஆட்டினாலும் ஆடாது.”

நான் ஆட்டிப் பார்க்கவில்லை.

இதே காத்திருப்பில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். உடம்பு வேலை செய்யும்போது நமக்குத் தகவல் தருவதில்லை. மூன்றாவது திருகை என் எலும்பு எந்த நாளில் பற்றிக்கொண்டது என்று எனக்குத் தெரியாது. ஜனவரிக் கடைசி என்பது என் ஊகம். சரிபார்க்கப்படவில்லை.