புளியங்கொட்டை சப்ளை செயின்

காரைக்கால் பேருந்து நிலையத்தில் போன வாரம் ஒரு பதாகை பார்த்தேன். 'சப்ளை செயின் மேலாண்மை, செய்முறைப் பயிற்சியுடன்.' கோட்டுப் போட்ட ஒருவர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார். நிஜமாகப் பெட்டி தூக்கியவன் எவனும் அப்படிச் சிரிக்க மாட்டான். நாகப்பட்டினத்து எண்ணெய்க் கிடங்கில் மூன்று வருஷம் தூக்கியிருக்கிறேன். என் முதுகுக்குத் தெரியும்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன், அந்தப் பதாகை வைத்த கல்லூரிக்குள் கால்வைத்தது நாற்பது வயதில், தற்காலிக அட்டெண்டராக. எந்த ஊரிலும் நிலைக்காத எனக்கு அங்கே நிலைத்துவிட ஆசை வந்தது. பெரிய காரணமில்லை, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி கொடுத்திருந்தார்கள்.

சப்ளை செயின் பேராசிரியர் விளையாட்டு வைத்துத்தான் பாடம் நடத்துவார். வரிசையாக நாலு மேசை: கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை. எத்தனை வேண்டுமென்று சீட்டில் எழுதி அடுத்த மேசைக்கு அனுப்ப வேண்டும். பேசக் கூடாது. வெளிநாட்டில் இதை பீர் பெட்டி வைத்து ஆடுவார்களாம். தாளாளர் பதறிப்போனார். "ஐயா, நம்மூருக்கு ஏற்கெனவே அதாலதான் பேரு. வகுப்புக்குள்ளயும் கொண்டாராதீங்க." அதனால் பீர் நல்லெண்ணெய் ஆனது, கடை திருநள்ளாற்றுக்குப் போனது. எண்ணெய்ப் புட்டிக்குப் பதில் புளியங்கொட்டை. வீட்டிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்தவன் நான். கல்லூரி விளம்பரத்தில் அதற்குப் பெயர் 'உலகத்தரமான உபகரணம்'.

கடை மேசையில் கயல்விழி. அவள் வீட்டுக்குத் திருநள்ளாற்றில் நிஜமாகவே எண்ணெய்க்கடை உண்டு. ஒத்திகையில், வாரம் நாலு புட்டி விற்றுக்கொண்டிருந்தது திடீரென்று எட்டானதும், சனிப்பெயர்ச்சிக் கூட்டம் வந்துவிட்டதென்று நாற்பது எழுதிவிட்டாள். அதைப் பார்த்து மொத்த வியாபாரி எண்பது கேட்டான். ஆலைக்காரன் கொட்டை போதாமல் என்னை வீட்டுக்கு விரட்டினான். விற்பனையோ எட்டைத் தாண்டவில்லை. கடைசியில் எல்லா மேசையிலும் கொட்டை மலை. பேராசிரியர் பூரித்துப்போனார். "இதாம்ப்பா பாடம்! கடையில ஒரு சின்ன ஏத்தம், ஆலைக்குப் போறதுக்குள்ள மலையாயிடும். ஆய்வுக்குழு வர்றப்பவும் இதே மாதிரி தப்பு பண்ணுங்க."

குழு வந்த அன்று மொத்த வியாபாரிக்குக் காய்ச்சல். பேராசிரியர் என்னைப் பிடித்து உட்காரவைத்தார். "நாப்பதுன்னு சீட்டு வந்தா எரட்டிப்பா எழுதி அனுப்புங்க. வாயத் தொறக்காதீங்க. நல்லா முடிஞ்சா ஒங்க பேர நெரந்தரத்துக்கு எழுதறேன்."

விளையாட்டில் ஒரு சீட்டு ஒரு வாரக் கணக்கு. நானும் நாலு வாரம் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாவது சீட்டில் நாற்பது வந்தது. கிடங்கில் ஒரு கடை வழக்கத்துக்கு மேல் கேட்டால், மேஸ்திரி என்னை சைக்கிளில் அனுப்பி விசாரிக்கச் சொல்வார். பழகிய கால், எழுந்து கயல்விழியின் மேசைக்குப் போய்விட்டது.

"ஏம்மா, நாப்பது நெசமாவே வேணுமா?"

"வேணாம்ண்ணே. சார்தான் எழுதச் சொன்னாரு."

"அப்ப எத்தன?"

"எட்டு போதும்ண்ணே."

எட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்த மேசைக்கும் எட்டே எழுதி அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். அதற்குப்பின் எந்த மேசையிலும் கொட்டை குவியவில்லை, குறையவுமில்லை. திரையில் மட்டும் பேராசிரியர் முன்கூட்டியே வரைந்துவைத்த வரைபடத்தில் மலை நின்றது. குழுவில் ஒருவர் அதையும் மேசைகளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, 'பயிற்சி நோக்கம் நிறைவேறவில்லை' என்று எழுதினார்.

அவர்கள் போனதும் பேராசிரியர் கத்தினார். "வாய மூடிக்கிட்டு இருக்கச் சொன்னேன்ல?"

"ஒரு வார்த்த கேட்டதுல அத்தன கொட்டையும் மிச்சம்தானே சார்?"

"கொட்டைய மிச்சம் பண்ணவாய்யா கல்லூரி நடத்தறோம்?"

அந்த மாதத்தோடு என்னை அனுப்பிவிட்டார்கள். நிரந்தரம் விழிதியூர்க்காரர் ஒருவருக்குப் போனது. அவர்மேல் எனக்குப் பொறாமை உண்டு. அதற்குப்பின் பிழைப்புக்கு மீன் வண்டியோடு அலைந்த வருஷங்களில் வெயில் உச்சிக்கு வரும்போதெல்லாம், இந்நேரம் அந்த ஆள் மின்விசிறிக்குக் கீழே இருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

பதாகையைப் பார்த்த சூட்டில் கல்லூரிப் பக்கம் போனேன். கூடத்தில் மேசைகள் இல்லை. வாசலில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார்.

"வகுப்பெல்லாம் இப்ப போன்லதாங்க. சாரே இல்ல, அவரு வீடியோதான் ஓடுது."

"இங்க விழிதியூர்க்காரர் ஒருத்தர் இருந்தாரே, நெரந்தரமா?"

"அவரா? ஒன்னர வருசத்துலயே அட்டெண்டர் வேலையையே எடுத்துட்டாங்களே. இப்ப மீன் வண்டிக்குத்தான் போறதாக் கேள்வி."