பதினாலும் பதினெட்டும்

வங்காள எழுத்தில் நாலு, நம் கண்ணுக்கு அச்சு அசல் எட்டு. இது தெரியாமல்தான் கிடர்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கு, ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தரப் போனேன். பி.எட். பயிற்சி, ஆறு வாரம். கல்யாணமாகி மதுரையிலிருந்து கல்கத்தா வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெங்காலி பேச்சே அரைகுறை, எழுத்து சுத்தமாகத் தெரியாது. இங்கிலீஷ் மீடியம்தானே, சமாளித்துவிடலாம் என்று டாலிகஞ்சிலிருந்து தினமும் பஸ் ஏறினேன்.

முதல் நாள் வகுப்பாசிரியை வருகைப் பதிவேட்டோடு ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்தார். நன்றாகப் படிக்கிற பெண், முதலில் இவளைப் போர்டுக்குக் கூப்பிடு என்றார். சீட்டில் எண் மட்டும் இருந்தது. ஒன்றிலிருந்து வரிசையாக எண் சொல்லி அட்டெண்டன்ஸ் எடுத்து முடித்துவிட்டு, பதினெட்டு வா என்று கூப்பிட்டேன். யாரும் எழவில்லை. மழை இருட்டு, காலையிலேயே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அத்தனை பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஐந்து நிமிஷம் முன்புதான் பதினெட்டு, ஜலதோஷம் பிடித்த குரலில் ‘பிரசன்ட் மிஸ்’ சொல்லியிருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மறுபடி கத்தினேன். மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒல்லியான ஒருத்தி எழுந்து, அது பதினாலு, நான்தான், எங்கள் நாலு உங்களுக்கு எட்டாகத் தெரிகிறது என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் அசடு வழிந்தேன். அது சரி, பதினெட்டு ஏன் எழுந்திருக்கவில்லை என்பது திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது.

மறுநாள் பதினேழைக் கூப்பிட்டதுமே நிமிர்ந்து பார்த்தேன். பதினெட்டு என்றேன். ‘பிரசன்ட் மிஸ்’ என்று அதே கட்டைக்குரல் வந்தது. ஒரு உதடும் அசையவில்லை. தலைகளை எண்ணினேன், முப்பத்தாறு. பதிவேட்டில் டிக் முப்பத்தேழு. பெஞ்சு பெஞ்சாக எண்ணினேன், பின்னாலிருந்து எண்ணினேன், முப்பத்தாறுதான். மூன்றாம் பெஞ்சில் மட்டும் நாலு பேர் இடத்தில் மூன்று பேர். பதினாலுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் ஒருத்தி முழங்கைகூடப் படவில்லை. வீட்டில் சொன்னால், கணக்கு டீச்சருக்கு எண்ணத் தெரியவில்லையா என்று கணவர் கேலி செய்தார். கரண்டியாலேயே ஒன்று போட்டிருப்பேன்.

வீட்டுப்பாட நோட்டுகளும் முப்பத்தேழு வந்தன. பதினெட்டின் நோட்டில் எல்லாக் கணக்கும் போட்டிருந்தது, எல்லாவற்றிலும் ஒரே தப்பு. அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் இருந்தால் உள்ளே முதல் குறியை மாற்றுவாள், இரண்டாவதை அப்படியே விட்டுவிடுவாள். சிவப்பு மையில் திருத்தினேன். மறுநாளும் அதே தப்பு. அப்போதுதான் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். தினம் ஒரு கையெழுத்து, தப்பு மட்டும் மாறவே இல்லை. யாரிடம் போய்ச் சொல்ல? வந்த வேகத்தில் பைத்தியக்காரப் பட்டம் வாங்க எனக்கு இஷ்டமில்லை.

மூன்றாவது வாரம் டிபன் நேரத்தில் பதினாலை மட்டும் நிறுத்தி வைத்துக் கேட்டேன். கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பதினெட்டை, மழை தொடங்கியபோது அவள் அப்பா ஊருக்குக் கூட்டிப் போனார். எந்த ஊர் என்று இவர்களுக்குத் தெரியாது. போன் அணைந்து கிடக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை பரீட்சை நடத்துகிற போர்டுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் பட்டியல் போகிறது. நெடுநாள் வராதவள் பெயரை அடித்துவிடுவார்கள், அடித்துவிட்டால் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத முடியாது. அதனால் முறை வைத்துக் குரல் கொடுக்கிறார்கள், முறை வைத்து நோட்டு எழுதுகிறார்கள். வகுப்பாசிரியை பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்குவதே இல்லையாம்.

“தப்பையும் அவ மாதிரியேதான் போடுவோம், மிஸ். இல்லேன்னா அது அவ நோட்டா இருக்காதில்ல?”

குரலும் அப்படித்தானா என்று கேட்டேன். அவள் வாயைக் கொஞ்சமாகத் திறந்து, உதடு அசையாமல், பிரசன்ட் மிஸ் என்றாள். முகம் இவளுடையது, குரல் யாரோ ஒருத்தியுடையது. போதும், நிறுத்து என்றேன். தலைமையாசிரியையிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையே எங்கள் கல்லூரிப் பேராசிரியை என் பாடத்தைப் பார்த்து மதிப்பெண் போட வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர் பேனா முனையால் தலைகளை எண்ணினார். பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். முப்பத்தாறு பேர்தானே இருக்கிறார்கள், ஒரு டிக் அதிகமாக இருக்கிறதே என்றார். மூன்றாம் பெஞ்சு என்னையே பார்த்தது. பதிவேட்டிலும் எண்கள் வங்காள எழுத்தில்தான் இருந்தன.

“பதினாலு இன்னைக்கு வரல, மேடம். இவங்க நாலு எனக்கு எட்டாத் தெரியுது. பதினெட்டுக்குப் போட வேண்டியதை முதல்ல பதினாலுல போட்டுட்டேன்.”

மறுபடி கூப்பிடு என்றார். கூப்பிட்டேன். பதினாலு என்றபோது, கண்ணெதிரே உட்கார்ந்திருந்தவள் வாய் திறக்கவில்லை. அவளுக்கு ஆப்சென்ட் போட்டேன். பதினெட்டு என்றபோது அவளே எழுந்து நின்று, அந்தக் கட்டைக்குரலில் பிரசன்ட் மிஸ் என்றாள்.

எண்களை அடையாளம் காண்பதில் கவனம் தேவை என்று என் அறிக்கையில் எழுதினார் பேராசிரியை. மதிப்பெண்ணும் குறைந்தது. கணவர் சிரித்துச் சிரித்துப் புரையேறினார், நானும் சிரித்தேன். பட்டியல் முப்பத்தேழு பெயரோடு போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

என் ஆறு வாரம் முடிகிறவரை பதினெட்டு வரவில்லை. இப்போது கரியாஹாட் பக்கம் வேறு பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒரு நாள் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பதினெட்டில் பேனா நின்றுவிட்டது. மழைக்காலம் முழுக்க அந்தப் பெண் தினமும் பள்ளிக்கு வந்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது. பாதி டிக் நான் போட்டது. அதனால்தான் பள்ளியிலிருந்து ஒருவரும் அவளைத் தேடிப் போகவில்லை.