முழங்காலுக்கு மீன் ஐஸ்

என் முழங்கால் வீங்கியிருந்த மாதங்களை நினைத்தால் இப்போது எனக்கு ஆசையாக இருக்கிறது. வெளியில் சொன்னால் விசர் பிடித்துவிட்டது என்பார்கள். அந்தக் காலத்தில் நான் பயப்படாமல் இருந்த பொழுது ஒன்றில்லை. ஆனாலும் மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஆள் நடமாட்டம் இல்லாமல் ஒழுங்கை அடங்குகிற நேரத்தில் பின்வேலித் தகரத்தை யாராவது தட்டினால், இன்றைக்கும் என் வலது கால் தானாக நீளுகிறது.

பின்வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தா வீடு. ராத்தா என்றால் அக்கா. முஸ்லிம் ஆட்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. அவவின் கணவரை அண்ணன் முறையில் 'நானா' என்பேன். துறைமுகப் பக்கம் அவருக்கு ஒரு மீன் வாடி இருந்தது. வள்ளங்களில் வருகிற மீனை வாங்கி, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடைத்து, லொறியில் ஏற்றி விடுவார். எங்கள் வீட்டில் நானும் என் கணவரும் மட்டும். இவர் லொறிச் சாரதி. மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். நான் கால் மெசினில் சட்டை தைக்கிறவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்த மெசின்தான் எல்லாம். அதை மிதிக்கக் கால் வேண்டும்.

தையலை விட்டால் எனக்குத் தெரிந்த இன்னொரு வேலை யோசிப்பது. இவர் போனை எடுக்காவிட்டால் லொறி கவிழ்ந்துவிட்டது. கடல் கொஞ்சம் வற்றித் தெரிந்தால் சுனாமி, சாமான் கட்டவேண்டும். ராத்தா சிரிப்பா. "நீ யோசிக்காட்டி நாளைக்குச் சூரியன் உதிக்காது என்ன புள்ள?" என்பா.

வருத்தம், அதாவது நோய், முதலில் கண்ணில்தான் தொடங்கியது. இரண்டு கண்ணும் சிவந்து வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. சல்லி அம்மன் கோயிலுக்குப் போக நேர்ந்திருந்தேன். கண்ணோய் மற்றவர்களுக்கும் தொற்றும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் போகாமல் நின்றுவிட்டேன். பிறகு குதிக்கால் குத்தியது. அது செருப்பினால் என்று நினைத்தேன். ஒரு நாள் விடிய எழும்பிக் காலை ஊன்றினால் முழங்கால் பொங்கி, எலும்பு இருந்த இடமே தெரியவில்லை. தொட்டால் சுட்டது.

"மெசின் மிதிச்சு மிதிச்சுச் சுளுக்கிப் போச்சு" என்றார் இவர். தோப்பூரில் ஒருவர் எண்ணெய் போட்டு உருவிவிடுவார் என்று கேள்விப்பட்டு ஓட்டோ பிடித்துப் போனோம். அவரும் பாவம், மனம் வைத்துத்தான் உருவினார். திரும்பி வரும்போது காலை மடக்கி ஓட்டோவுக்குள் வைக்கவே ஏலவில்லை.

என் பயம் முழங்காலைப் பற்றியது இல்லை. விரல்களைப் பற்றியது. என் சின்னம்மாவுக்கும் இப்படித்தான், முழங்காலில் தொடங்கியது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக ஒரு பக்கம் சாய்ந்தன. கடைசிக் காலத்தில் சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டி பிடித்தா. அந்தக் கரண்டியும் கையில் நிற்காது. முடக்குவாதம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்தச் சொல் எங்கள் குடும்பத்தில் யாரும் சத்தமாகச் சொல்லாத சொல். நான் விடியக் கண் முழித்ததும் முதலில் என் விரல்களை விரித்துப் பார்ப்பேன். இந்த விரல்கள் சாய்ந்தால் ஊசியில் நூல் கோப்பது யார்?

இவர் தம்புள்ளைக்குக் கறிச்சாமான் ஏற்றப் போன நாளில் ராத்தாதான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனா. என் கைப்பையை அவ தோளில் மாட்டிக்கொண்டு, மற்றக் கையால் என்னைத் தாங்கிக்கொண்டு, வாங்குப் பலகையில் இருந்தவர்களை நகர்த்தி இடம் பிடித்தா.

டொக்டர் இளம் பிள்ளை. முழங்காலை அமத்திப் பார்த்தா, குதிக்காலைப் பார்த்தா, கண் சிவந்ததையும் கேட்டா. மூன்றும் ஒரு வருத்தம் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பிறகு கேட்டா:

"அம்மா, இதுக்கு முன்னால, ஒரு மூண்டு நாலு கிழமைக்குள்ள, வயிற்றோட்டம் ஏதும் வந்ததோ?"

ராத்தா என் பக்கத்தில் நின்றா.

"இல்லை டொக்டர்" என்றேன்.

வந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ராத்தா வீட்டில் சாப்பிட்டு இரண்டாம் நாள் வந்தது. இவர் லொறியோடு போயிருக்க, எழும்ப முடியாமல் கிடந்தேன். தலையிடி என்று ராத்தாவுக்குச் சொன்னேன். விடியற்காலையில் எழும்பி, எனக்கென்று மாட்டிறைச்சி படாத சட்டியில் தனியாகக் கோழி ஆக்கி, தேங்காய்ப்பால் விட்டு அவித்த வட்டிலப்பத்தில் எனக்குப் பெரிய துண்டு வெட்டி வைத்த மனிசியிடம், உங்கள் சாப்பாட்டால் எனக்கு வயிற்றால் போனது என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் அவ முன்னால், டொக்டரிடம்?

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றா டொக்டர். "அப்பிடி வந்திருந்தா இது ஒரு வகை. இல்லையெண்டா வேற மூட்டு வருத்தம் எதுவெண்டு பாக்கவேணும். குடும்பத்தில ஆருக்கும் முடக்குவாதம் இருந்ததோ?"

அந்தச் சொல்லை அவ சொன்னதும் சின்னம்மாவின் கரண்டி கீழே விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"வந்தது டொக்டர்" என்றேன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "பெருநாளுக்குப் பிறகு. கொஞ்சம்தான்."

"கொஞ்சம் எண்டா?"

"மூண்டு நாள்."

என் கைப்பை ராத்தாவின் தோளில் இருந்து வழுக்கி விழுந்தது.

"ஒனக்குமா?" என்றா.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"எனக்கும்தான் புள்ள! நாலு நாள்! அண்டைக்கு நீ கொண்டுவந்த மீன் கட்லட்டாலதான் எண்டு நெனச்சி, நீ கேட்டா மனம் நோவாயெண்டு நான் வாயத் திறக்கல்ல!"

"என்ர கட்லட்டோ? நான் உங்கட வட்டிலப்பமெண்டெல்லோ நினைச்சனான்!"

"அடியே, என்ட வட்டிலப்பமா? ஒரு மணித்தியாலம் ஆவியில கிடந்த சாமான்!"

"என்ர கட்லட் கொதி எண்ணெயில பொரிச்சது ராத்தா!"

டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டா. "சண்டையை வீட்டில போய்ப் பிடியுங்கோ. அண்டைக்கு என்ன குடிச்சனீங்கள்?"

"பலூடா" என்றோம் இரண்டு பேரும்.

"ஐஸ் போட்டதோ?"

ராத்தா சேலைத் தலைப்பை இழுத்து முகத்தைத் துடைத்தா. அவவின் வீட்டு பிறிட்ஜ் அந்தப் பெருநாளுக்கு முதல் கிழமைதான் பழுதானது. "என்ட மனிசன்தான் ஐஸ் கொண்டுவந்த" என்றா மெல்ல. "வாடியில இருந்து."

"மீனுக்குப் போடுற ஐஸோ?"

"நல்லாக் கழுவித்தான் போட்ட டொக்டர்."

ஊசி மருந்து எடுத்துவைத்துக்கொண்டிருந்த நர்ஸ் மிஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டா. அவவின் தோள் குலுங்கியது. நானாவுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருந்தபடியால் பலூடாவை அவர் வாயிலும் வைக்கவில்லை. அதனால்தான் அவர் மட்டும் சுகமாக இருந்தார் என்பதும் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

டொக்டர் சொன்னதை எனக்கு விளங்கினபடி சொல்கிறேன். வயிற்றில் வந்த கிருமி போய்விட்டது. முழங்காலுக்குள் கிருமி இல்லை. ஆனால் அதை விரட்ட எழும்பின உடம்பு இன்னும் அடங்கவில்லை. கிருமி போனது தெரியாமல் மூட்டையும் குதிக்காலையும் கண்ணையும் பிடித்துச் சுடுகிறது.

"அது இவட கொணம் டொக்டர்" என்றா ராத்தா. "எல்லாம் முடிஞ்சி போன பொறகும் இவ யோசிச்சிக்கிட்டேதான் இருப்பா. ஒடம்பும் அப்படியே பழகியிருக்கு."

டொக்டரும் சிரித்துவிட்டா. ராத்தாவுக்கு ஏன் வீங்கவில்லை என்று கேட்டேன். அது உடம்புக்கு உடம்பு வித்தியாசம், பிறக்கும்போதே சிலருக்கு அப்படி அமைந்திருக்கும் என்றா. கிருமிக்கு மருந்து தரமாட்டீர்களா என்று கேட்டேன். போன கிருமிக்கு மருந்து எதற்கு, இனி அடக்கவேண்டியது அழற்சியைத்தான் என்றா. கடைசியில், கேட்க வந்ததைக் கேட்டேன்.

"டொக்டர், விரல்?"

அவ என் கையைப் பிடித்து ஒவ்வொரு மூட்டாக அமத்தினா. "இப்ப இதில ஒண்டுமில்லை. கூடுதலான ஆக்களுக்குச் சில மாதத்தில முழுக்க மாறிடும். சிலருக்கு இழுக்கும், சிலருக்குத் திரும்பியும் வரும். அதுதான் கிளினிக்குக்கு விடாமல் வரச் சொல்லுறன்."

கூடுதலான ஆட்களை நான் வாசலிலேயே விட்டுவிட்டு, அந்தச் சிலரை மட்டும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

முழங்காலில் ஊசி குத்தி, மங்கல் மஞ்சளாக நீர் எடுத்தார்கள். இரத்தமும் எடுத்தார்கள். நீரில் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. கண்ணுக்கென்று வேறு டொக்டரிடம் அனுப்பினார்கள். வீக்கத்துக்குக் குளிசை, சாப்பிட்ட பிறகுதான் போடவேண்டும். அது வயிற்றைப் புண்ணாக்காமல் இன்னொரு குளிசை. உருவக்கூடாது. கொஞ்ச நாள் ஓய்வு, வலி குறையக் குறைய அப்பியாசம். "சூடா இருக்கேக்க துணியில சுத்தி ஐஸ் வையுங்கோ, நேர தோலில வைக்கவேண்டாம்" என்றா டொக்டர்.

நான் ராத்தாவைப் பார்த்தேன். ராத்தா என்னைப் பார்த்தா.

அப்படித்தான் பின்வேலித் தகரம் தட்டுப்பட ஆரம்பித்தது. நானா வாடியில் இருந்து சாப்பிட வரும்போது ஒரு வாளியில் ஐஸ் கொண்டுவருவார். ராத்தா அதை உலக்கையால் குத்தி, அவர் உடுத்திப் பழசாய்ப்போன சாரத்துண்டில் சுற்றி, வேலியில் ஒரு தகரத்தை விலக்கிக்கொண்டு வருவா.

"இது வெளிப்பூச்சுக்கு மட்டும்" என்பா, ஒவ்வொரு நாளும், புதிதாகச் சொல்கிற மாதிரி.

வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து நானா சத்தம் போடுவார்: "தங்கச்சி, இண்டைக்குப் பாரைப் பெட்டி ஐஸ்! வெல கூடின மீன்ட ஐஸ்! மலிஞ்ச சூட மீன் பெட்டி ஐஸெண்டு நெனச்சிராதீங்க!"

நான் கதிரையில் சாய்ந்திருந்து காலை எதிரே வாங்கில் நீட்டுவேன். ராத்தா பக்கத்தில் பாயில் இருப்பா. சாரத்துண்டில் இருந்து குளிர் இறங்க, வீடு முழுக்க மீன் மணக்கும். ஒழுங்கைப் பூனை ஒன்று அந்த மணத்துக்கு வந்து என் முழங்காலை நக்கப் பார்க்கும். "டொக்டர் வந்திட்டா" என்பா ராத்தா. ஐஸ் கரையும்வரை கதைப்போம். புல்மோட்டையில் கட்டிக்கொடுத்த அவவின் மகளின் கலியாணம், பழைய கலவரக் காலம், இவரின் குறட்டை, எல்லாம். தையல் இல்லாத மத்தியானங்கள் அதற்கு முதல் என் வாழ்க்கையில் இருந்ததில்லை.

எழும்பிப் போகுமுன் "காட்டு கைய" என்பா. நான் இரண்டு கையையும் விரித்து நீட்டுவேன். ஒவ்வொரு விரலாகப் பிடித்து நிமிர்த்திப் பார்த்து, "நேராத்தான் கிடக்கு. நாளைக்குப் பாப்பம்" என்பா. அதைக் கேட்டால்தான் எனக்கு அன்றைக்குத் தேநீர் இறங்கும்.

இடையில் ஒரு முறை கால்விரல் ஒன்று முருங்கைக்காய்த் துண்டு மாதிரி வீங்கியது. முடிந்தது, அந்தச் சிலரில் நானும் ஒருத்தி என்று அழுதேன். ராத்தா ஐஸை இரண்டாகப் பிரித்து, பாதியைக் கால்விரலில் கட்டினா. அடுத்த கிளினிக்கில் டொக்டர் அதுவும் இதே வருத்தத்தில் வருவதுதான் என்று சொல்லி, முழங்கால் மூட்டுக்குள் ஓர் ஊசி போட்டா. துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து அமத்துகிற அப்பியாசத்தை ராத்தாவும் என்னோடு சேர்ந்து செய்தா. அவவுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பிறகு ஒரு காலை முழங்காலின் எலும்பு வெளியே தெரிந்தது. ஒரு பக்கம் மட்டும், குழிபோல. நான் அதைத் தடவிக்கொண்டே இருந்தேன். இன்னும் சில கிழமையில் மெசினில் இருந்தேன். முதலில் தைத்தது அந்தச் சாரத்துண்டை இரண்டு மடிப்பாக வைத்து, வாய்க்கு நாடா கோத்த ஓர் ஐஸ் பை. ராத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "சுகமான பொறகு பை தைக்கிற ஒரே ஆள் நீதான்" என்றா.

இப்போது பின்வேலிக்கு அப்பால் வேறு ஆட்கள். மகளுக்குப் பிள்ளை கிடைத்ததும் ராத்தாவும் நானாவும் புல்மோட்டைக்குப் போய்விட்டார்கள், வாடியும் அங்கேதான். தகரத்தைப் புதிய ஆட்கள் ஆணி அடித்து இறுக்கிவிட்டார்கள். பூனை மட்டும் வந்து வாங்கடியில் படுக்கும். இங்கே மணக்க ஒன்றுமில்லை என்று அதற்கு இன்னும் தெரியவில்லை.

போன மாதம் எனக்கு மறுபடியும் வயிற்றால் போனது. இந்த முறை ஒளிக்கவில்லை. அன்றைக்கே ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். பிறகு ஒவ்வொரு காலையும் முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் கண்ணைப் பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் மத்தியானத்தில், ஒழுங்கை அடங்கினதும், கொஞ்சம் வீங்கினால்தான் என்ன என்றும் இருந்தது.

வீங்கவில்லை. கிழமைகள் போனபின் ராத்தாவுக்குச் சொன்னேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றா. பிறகு கேட்டா: "விரல்?"

"நேராத்தான் கிடக்கு."

"நீ சொல்லுற கதைய நான் நம்ப மாட்டன் புள்ள. வெள்ளிக்கிழமை பஸ்ஸில வாறன். நானே பாக்கணும்."

"வாங்கோ ராத்தா."

"ஐஸ் கொண்டு வரவா?"

"கொண்டு வாங்கோ" என்றேன். "பை இருக்கு."