மச்சாளின் ஃபோனில் என் புத்தகங்கள்

டிங். ட்ராமில் பக்கத்துக் கதிரைக்காரரின் ஃபோனுக்குக் குறுஞ்செய்தி வந்த சத்தம். கரண்டி நுனி கண்ணாடியில் பட்ட மாதிரி. அவர் இலக்கங்களை வாய்க்குள் முணுமுணுத்தபடி எங்கேயோ தட்டினார். ஏதோ திறந்திருக்க வேண்டும், முகம் இளகியது. நான் இறங்க வேண்டிய தரிப்பைத் தவறவிட்டேன்.

என் புத்தகங்களும் ஒரு காலம் அப்படி ஒரு டிங்குக்குப் பின்னால் இருந்தன. சென்னையில், என் கணவரின் அக்காவின் ஃபோனில்.

தமிழ் வாசிக்கிற பலர் மெல்பேர்னில் இப்படித்தான் செய்தோம். நாங்கள் தேடிய மின்னூல்கள் இந்தியக் கடையில்தான் கிடைத்தன. அந்தக் கடைக்கு இந்திய முகவரியும் இந்திய ஃபோன் எண்ணும் வேண்டும். ஆளாளுக்கு அங்கே ஒரு அண்ணன், ஒரு சித்தி, ஒரு பழைய சிநேகிதி. எங்களுக்கு அக்கா. கணக்கு கணவர் பெயரில், எண் அக்காவுடையது, வாங்கியதும் வாசித்ததும் நான். நாவல், கவிதை, சமையல், மழைக்கால மூலிகைகள் பற்றி ஒன்று. கல்யாணம் முடிந்த பிறகு நான் வாங்கிய தமிழ் எல்லாம் அந்தக் கணக்குக்குள் போய் விழுந்தது.

நானும் அவரும் பிரிந்தபோது கதிரை மேசைகள் சண்டையில்லாமல் பிரிந்தன. குசினிச் சாமான் எனக்கு, கார் அவருக்கு. புத்தகங்கள்தான் மிஞ்சின. அவருக்கு சிட்னியில் வேலை கிடைத்து, கெல்லிவில்லில் வீடும் எடுத்தாயிற்று. காரில் சாமானை ஏற்றிக்கொண்டு, போகிற வழியில் வந்து புத்தக வேலையை முடித்துத் தருவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு ஒருவரையொருவர் கூப்பிடுவதாக இல்லை. அதை யாரும் சொல்லவில்லை, ஆனால் இருவருக்கும் தெரியும்.

வழி எளிது. நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போடாமல் விற்ற நூல்களைக் கடையிலிருந்து இறக்கி, என் மடிக்கணினியில் உள்ள நூலக மென்பொருளில் சேர்க்க வேண்டும். அதற்குள் வந்துவிட்டால் கணக்கு யார் பெயரில் இருந்தால் என்ன, புத்தகம் என் கையில். ஒரே ஒரு சிக்கல். புதுக் கணினியில் கணக்கைத் திறந்தால் கடை ஓடிபி கேட்கும். ஓடிபி அக்காவுக்குப் போகும். நாங்கள் பிரிந்தது அக்காவுக்குத் தெரியாது.

"ரெண்டு நிமிஷ வேலை" என்று வந்ததும் சொல்லிவிட்டு, அக்காவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, ஒரு ஓடிபி வந்திருக்கும், படிங்க."

"வாடா. அக்கா இருக்காளா செத்தாளான்னு கேக்க மாட்ட. ஓடிபின்னா மட்டும் ஞாபகம் வருதா?"

"டைம் போயிடும்கா."

"போகட்டும். இன்னொண்ணு அனுப்ப மாட்டானா? கண்ணாடிய எங்கயோ வெச்சேன்..."

கண்ணாடி கிடைப்பதற்குள், அவர்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் நின்று போன கதை முழுதும் வந்தது. நேரம் முடிந்தது. இவர் இன்னொன்று கேட்டார்.

"எதுக்குடா புது கம்ப்யூட்டர்?"

"பழசு ஸ்லோவா இருக்குக்கா."

"பொய் சொன்னா நீ மூக்கால பேசுவ. அவகிட்ட குடு."

நான் குனிந்தேன். "சொல்லுங்கோ மச்சாள்."

எங்கள் ஊர் முறைப்படி நாத்தனாரை நான் அப்படிக் கூப்பிடுவது அவருக்குப் பிடிக்கும். அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாராம். "பொங்கலுக்கு ரெண்டு பேரும் வர்றீங்கல்ல? உங்க ரூமுக்கு புது கர்ட்டன் போட்டிருக்கேன். பச்சை. நல்லால்லன்னா இப்பவே சொல்லு, மாத்திடறேன்."

திரையில் விநாடிகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஓம், வாறம் என்றால் இலக்கம் வரும். இலக்கம் வந்தால் புத்தகம் வரும். இவர் சத்தமில்லாமல் உதட்டால் சொன்னார்: சொல்லு. வெளியே மலைப்பக்கம் மேகம் கறுத்திருந்தது. இந்த ஊருக்கு ஒரு நாளில் எத்தனை குணம்.

"இல்லை மச்சாள். நான் வரேல்லை. நாங்கள் பிரிஞ்சிட்டம்."

இரண்டாவது ஓடிபியின் நேரமும் முடிந்து போயிற்று.

"எப்ப?"

"குளிர் தொடங்கேக்கை."

"அதுக்குத்தான் இந்த ஓடிபியா?"

"ஓம். என்ர புத்தகமெல்லாம் உங்கட நம்பருக்குள்ள நிக்குது."

அக்கா இணைப்பைத் துண்டித்தால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். அப்படிச் செய்ய அவருக்கு நியாயமும் உண்டு.

"இன்னொருவாட்டி அனுப்பச் சொல்லு, அந்தத் தடியன" என்றார். பிறகு ஒவ்வோர் இலக்கமாக, சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது போல இடைவெளி விட்டுப் படித்தார். கடைசி இலக்கத்தோடு ஃபோன் வைக்கப்பட்டது.

கணக்கு திறந்தது. நூல்கள் ஒவ்வொன்றாய் இறங்கின. மென்பொருள் முதலில் தமிழை வெறும் கட்டங்களாகக் காட்டியது. இவர் எழுத்துருவை மாற்றியதும் கட்டங்கள் உடைந்து எழுத்துகள் வெளியே வந்தன. பல நூல்களுக்கு, எழுதியவர்: தெரியாதவர், என்று விழுந்தது. அந்த இடங்களில் நான் பெயர் சொல்ல, இவர் தட்டினார். எழுத்துப்பிழை விடாத மனிதர். அதை எப்போதும் மெச்சியிருக்கிறேன்.

"ஒரு ஓம் சொல்ல வரலயா உனக்கு?" என்றார், திரையைப் பார்த்தபடி.

"வரேல்லை."

பூட்டுப் போட்டு விற்ற நூல்கள் நகரவில்லை. அவற்றைக் கடைக்குள் நுழைந்துதான் வாசிக்கலாம். அதற்கு அந்தக் கணக்கும் அந்த எண்ணும் இருக்க வேண்டும். மூலிகைப் புத்தகமும் அங்கேயே தங்கியது.

வாசலில் கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றார். தூறல் தொடங்கியிருந்தது.

"அந்தக் கணக்க மூட மாட்டேன். மிச்சத்தப் படிச்சுக்க. ஓடிபி கேட்டா நேரா அக்காவுக்கே அடி."

"அவ எடுப்பாவோ?"

"நீ அடிச்சா மொத ரிங்லயே எடுப்பா. நான் அடிச்சாத்தான் இனிமே எடுக்க மாட்டா."