ஒன்றரை அடி

மார்லோ பீச் நகராட்சியில் வெண்டல் கிரிசம் பார்த்த வேலை, பலகை நடுவது. மனையில் பெரிதாக எதையாவது கட்ட யாராவது நகர மன்றத்திடம் அனுமதி கேட்டால், அதன் முன்னால் மஞ்சள் அறிவிப்புப் பலகை பதினைந்து நாள் நிற்க வேண்டும்; அதற்கப்புறம்தான் மன்றம் ஓட்டுப் போடும். நடுவில் விழுந்தால் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். ஊர் வளர்ந்த வேகத்தில் வாரத்துக்குப் பத்துப் பலகை. அவர் வண்டி தெருவில் நுழைந்தாலே ஜனங்கள் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொள்வார்கள். மூடினால் அடுக்குமாடி திரும்பிப் போய்விடும் என்று நினைப்பு போலிருக்கிறது.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் நட்ட பலகை ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை. புயலில் கூரைகள் பறந்திருக்கின்றன, பலகை நின்றிருக்கிறது. அதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

நவம்பரில் கைக்கு வந்த தாளில் அக்கா நோரீன் குடியிருந்த டிரெய்லர் பேட்டையின், வாடகை மனையில் சக்கர வீடுகள் வரிசையாக நிற்கும் இடத்தின், விலாசம் இருந்தது. மன்றம் ஓட்டுப் போட்ட முப்பதாம் நாள் எல்லோரும் காலி செய்தாக வேண்டும். நகராட்சியின் முதியோர் குடியிருப்பில் நோரீனுக்கு முறை வருவதோ பிப்ரவரி கடைசியில். அதற்குள் ஊரில் விலாசம் இல்லாமல் போனால் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள். தம்பி வீட்டுக்கு வரலாம் என்றால் அது ஊர் எல்லைக்கு வெளியே இருந்தது. நகராட்சிச் சம்பளத்தில் ஊருக்குள் குடியிருக்க முடியாது.

வெண்டல் விதிப் புத்தகத்தை முதல் முறையாகப் பிரித்துப் பார்த்தார். குழி ஒன்றரை அடி என்று போட்டிருந்தது. இந்தக் கடற்கரை மணலுக்கு அவர் எப்போதும் தோண்டியது மூன்றடி. அன்றைக்கு ஒன்றரை அடியை நாடாவால் அளந்து, படம் பிடித்து, பலகையை நட்டார்.

நோரீன் வாசற்படியில் நின்று பார்த்தாள். "உன் கையாலயே நட்டுட்ட" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அதற்கப்புறம் பேச்சில்லை.

பன்னிரண்டாம் நாள் கடற்காற்றில் பலகை விழுந்தது. மறுபடி நட்டார். பதினான்காம் நாள் விழுந்தது. கிறிஸ்துமஸுக்கு மன்றம் கூடவில்லை. ஜனவரியில் இன்னும் இரண்டு தடவை, பிப்ரவரி நடுவில் ஒரு தடவை விழுந்தது. ஒவ்வொன்றையும் உள்ளது உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையாலேயே பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறாரா என்று சக ஊழியர்கள் கேட்டார்கள். அவரும் சிரித்து வைத்தார்.

மேலதிகாரி மிஸ் ஆட்ரி கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாள். அவர் விதிப் புத்தகத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தார். அவள் இரண்டு தடவை படித்துவிட்டு, விதியை முதலில் மாற்ற வேண்டும் என்றாள்.

பிப்ரவரி கடைசி வாரம், முதியோர் குடியிருப்பின் மூன்றாவது மாடிக்கு நோரீனின் பெட்டிகளை வெண்டல்தான் சுமந்து ஏற்றினார். அவள் ஜன்னலோரம் நின்றாள்.

"ஒரு பலகைய நிக்க வைக்கத் துப்பில்ல. இத்தன வருஷம் அங்க என்னத்தடா கிழிச்ச?"

மூன்று மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"பேட்டைல பக்கத்து வீட்டு ஹேஸலுக்கு ஏப்ரல்லதான் முறை வருது" என்றாள் நோரீன், அவர் பக்கம் திரும்பாமலே. "அடுத்த தடவையும் இதே லட்சணத்துல நடு."

வெண்டல் பெட்டியைக் கீழே வைத்தார்.

"விதிய மாத்தறதுக்கு மே மாசம் ஆயிடும்க்கா."