மீட்டர் எண்ணாத ஓட்டம்

காலையில் எழுந்ததும் சூரியன் முதல் வேலையாக மாமாவின் மெக்கானிக் ஷெட் பக்கம் எட்டிப்பார்த்து, "கிளம்பட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே ஏறும். கப்பல் பழுதானால் கடலே வீடு தேடி வந்து அவரைக் கூட்டிப்போகும். ஆகாய விமானங்கள் அவர் தலைக்கு மேலே பறக்கும்போது மரியாதைக்காகச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். உலகத்தில் எந்த எஞ்சினும் அவர் முன்னால் இருமத் துணியாது. பிறந்தபோதுகூட அவர் அழவில்லையாம். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனாராம்.

அப்பேர்ப்பட்ட மாமாவின் வீட்டு வண்டி, நட்டநடு மைதானத்தில், ஒரு தையல்காரரின் காலடியில் உயிரை விட்டது.

வண்டி அத்தையுடையது. அத்தை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். மூடிக்கிடக்கும் ஒரு கிடங்குக்குப் பின்னால் இருக்கிற மைதானம்தான் அவள் பள்ளிக்கூடம். வயசான கார், மேலே ஒரு தகரப் பலகை, உள்ளே ஓட்டுபவர் காலுக்கு ஒரு பிரேக், அத்தை காலுக்கு ஒரு பிரேக். மெயின் ரோட்டில் இருக்கும் பெரிய டிரைவிங் ஸ்கூல்காரர்கள் அவளை வேலைக்கு வரச்சொல்லி நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். "என் வண்டி ஓடுற வரைக்கும் எவன் முன்னாடியும் கைகட்டி நிக்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். இப்போது வண்டி ஓடவில்லை.

ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த தையல்காரர் பின்னாலிருந்து தள்ள, அத்தை ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஷெட் வாசலுக்கு வந்து சேர்ந்தாள். ஐம்பதைத் தாண்டிய மனிதர், சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"சத்தியமா நான் எதையும் அழுத்தலைங்க, டீச்சர். அழுத்தினதையும் உடனே எடுத்துட்டேங்க. டப்புனு ஒரு சத்தம். அப்புறம் மூச்சு பேச்சில்ல."

இன்னொரு தடவை ஸ்டார்ட் செய்து காட்டுவதற்காகச் சாவியிடம் போன அவர் கையை மாமா தட்டிவிட்டார். எஞ்சினின் முன்பக்க மூடியைக் கொஞ்சம் விலக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது.

"டைமிங் பெல்ட்" என்றார், யாருக்கும் கேட்காத மாதிரி.

அத்தைக்குக் கேட்டது. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயம். அவள் திட்டினால் வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். பெல்ட்டை மாற்றச் சொல்லிச் சொல்லி அவள் வாய் வலித்திருந்தது. ஒவ்வொரு தடவையும் மாமா மீட்டரைத் தட்டிக் காட்டுவார். "நல்லா பாரு, மாத்த வேண்டிய தூரத்துல பாதிகூட ஓடலை. பெல்ட் இன்னும் பச்சப்புள்ள." ஊர் வண்டிகளுக்கெல்லாம் ஓடி ஓடிப் பெல்ட் மாற்றுகிறவர், வீட்டு வண்டி என்றதும் மீட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து புருஷன் பெண்டாட்டி பேச்சு தபாலில்தான். தபால்காரர், மாமாவின் அக்கா பெற்ற ஒரு உருப்படி. பெயர் எதுவாக இருந்தாலும் எல்லோருக்கும் அது "வாலு". படிப்பும் தானும் ஒத்துப்போக மாட்டோம் என்று முடிவெடுத்து, ஷெட்டில் டார்ச் பிடித்துக்கொண்டு திரிந்தது.

"வாலு, உங்க மாமாகிட்ட சொல்லு, டீ ஆறுதுன்னு."

மாமா கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார். "வாலு, அத்தைகிட்ட சொல்லு, கை பூரா கறைன்னு."

"கறை கையில மட்டும்தானான்னு கேளு."

போகவர அலைந்த கூலிக்கு வாலு அந்த டீயைக் குடித்துவிட்டது.

டைமிங் பெல்ட் என்பது உள்பக்கம் பல் வைத்த ரப்பர் பட்டை. எஞ்சினுக்குள்ளே கீழே பிஸ்டன்கள் ஏறி இறங்கும், மேலே வால்வுகள் திறந்து மூடும். இது ஏறும்போது அது ஒதுங்கி வழிவிட வேண்டும். குறுகலான மாடிப்படியில் இரண்டு குடித்தனக்காரர்கள் மாதிரி. இருவரையும் இடிக்காமல் நடத்துவது பெல்ட். அது அறுந்தால் வால்வு திறந்த வாயோடு அப்படியே நின்றுவிடும், பிஸ்டன் வந்து முட்டும். வால்வு வளைந்துவிட்டால் இந்தப் பழைய எஞ்சினுக்கு உதிரி பாகம் தேடியே ஆயுசு போய்விடும். சில எஞ்சின்களில் நடுவே தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். முட்டாது, புது பெல்ட் போட்டால் எழுந்துவிடும். இது எந்த ரகம் என்று மாமாவுக்கே தெரியாது. முன்னால் வைத்திருந்தவர் எங்கிருந்தோ ஒரு எஞ்சினைக் கொண்டுவந்து இதற்குள் இறக்கியிருந்தார்.

சக்கரத்தைக் கழற்றி, மூடிகளைப் பிரித்து, அறுந்த பெல்ட்டை உருவினார். அங்கேதான் அவருக்கு ஒரு குடைச்சல் பிடித்தது. ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினால் பல் பல்லாக உதிர்ந்தது. பாதி தூரம் ஓடிய பெல்ட் எப்படி இவ்வளவு கிழடாகும்? எண்ணெய் ஒழுகி ஊறியதா? மோந்து பார்த்தார், இல்லை. வாட்டர் பம்ப் இறுகிக்கொண்டதா? சுற்றிப் பார்த்தார், வெண்ணெய் மாதிரி சுற்றியது. டீயை மறந்து, சாப்பாட்டை மறந்து, அந்த ரப்பர் துண்டோடு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் தையல்காரர் துக்கம் விசாரிக்க வருகிற முகத்தோடு வந்தார்.

"எப்படி இருக்குங்க? பிழைக்குமா? நான்தான் கொன்னுட்டேன். எத்தனை தடவை ஆஃப் பண்ணியிருப்பேன்!"

மாமா நிமிர்ந்தார். "எத்தனை தடவை?"

"எண்ண முடியுங்களா? கிளட்சை விட்டா நிக்கும். சாவியைத் திருப்புவேன், மறுபடி நிக்கும். டீச்சர் ஒரு வார்த்தை கடிஞ்சு சொல்ல மாட்டாங்க. நின்ன இடத்துலயே உறுமிக்கிட்டிருக்கும். மைதானத்தை ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள பாடம் முடிஞ்சிடும்."

கதவோரம் நின்றிருந்த அத்தை சொன்னாள். "வாலு, உங்க மாமாகிட்ட சொல்லு. மீட்டர் ஓடினதைத்தான் எண்ணும். நின்னதை எண்ணாது."

மாமா கையில் இருந்த பெல்ட்டைப் பார்த்தார். மெயின் ரோட்டு வண்டிகளைப் பார்த்துப் பழகிய கண். சக்கரம் போகாத தூரமெல்லாம் இந்தப் பெல்ட் போயிருந்தது. நின்று, உதறி, மறுபடி கிளம்பி, ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்திருந்தது.

"அண்ணே, நீங்க கொல்லலை" என்றார் தையல்காரரிடம். கண் மட்டும் கதவுப் பக்கம் இருந்தது. "கொன்னது நான்."

அத்தை உள்ளே போய்விட்டாள்.

புது பெல்ட் ஏறியது. பெல்ட் சுற்றும் மேல் பல்சக்கரத்துக் குறியும் கீழ் பல்சக்கரத்துக் குறியும் நேருக்கு நேர் நின்றன. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும். காற்று விரலைத் தள்ளினால் வால்வு நல்லபடி மூடுகிறது. தள்ளாவிட்டால் வளைந்துவிட்டது. ஸ்பேனரைப் பிடித்துச் சுற்ற இன்னொரு ஆள் தேவை. வாலுவின் கைக்கு அந்தப் பலம் கிடையாது.

"வாலு, போய் அத்தைய..."

"தபால் ஆபீஸ் லீவு. நீங்களே கூப்பிடுங்க."

மாமா தொண்டையைக் கனைத்தார். "இந்தாம்மா... ஒரு கை பிடிக்கறியா?"

அத்தை வந்தாள், முகத்தைப் பார்க்காமல் ஸ்பேனரைப் பிடித்தாள். முதல் ஓட்டையில் காற்று விரலை முட்டித் தள்ளியது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் 'ஸ்ஸ்' என்று நழுவியது. மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. மெயின் ரோட்டு ஸ்கூலின் சீருடை அவர் கண்ணில் வந்துபோயிருக்க வேண்டும்.

"விரல்ல எண்ணெய்" என்றாள் அத்தை. "துடைச்சிட்டு வைங்க."

அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. சட்டையிலேயே துடைத்துக்கொண்டு வைத்தார்.

"சுத்தட்டுமா?"

"சுத்து."

டுப்! விரல் எகிறியது. நான்காவதும் எகிறியது.

"இப்பவாவது மூச்சு விடுங்க" என்றாள். ஆனால் சிரிக்கவில்லை.

பிளக், மூடி, சக்கரம் எல்லாம் பழையபடி ஏறின. போல்ட் வைத்திருந்த தட்டு காலி. மாமா கை கழுவப் போய்த் திரும்பி வந்தால், தட்டின் நடுவே ஒரு போல்ட் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

மாமா அதைப் பார்த்தார். அத்தை அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான், பீறிட்டு வந்தது சிரிப்பு.

"வண்டியில ஒன்னு மிச்சம்னா, உங்க தலையில ஒன்னு குறைச்சலா?"

மாமா வண்டிக்கடியில் புகுந்தார். போல்ட்டை இந்த ஓட்டையில் வைத்துப் பார்த்தார், அந்த ஓட்டையில் வைத்துப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், மூக்கில் கரியைப் பூசிக்கொண்டார். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வயிற்றை அமுக்கிக்கொண்டாள். வாலு படு அக்கறையாக, வேண்டாத இடத்துக்கெல்லாம் டார்ச் அடித்தது. கடைசியில் மாமா, "இதுக்கும் ஒரு இடம் இல்லாமலா போகும்?" என்று போல்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாவியை அத்தையிடம் நீட்டினார்.

எந்த எஞ்சினும் அவர் முன்னால் இருமாது என்று மேலே சொன்னது பொய். இது ஒரு தடவை இருமியது. அப்புறம் பிடித்துக்கொண்டு, ஒரே சீராக ஓடியது.

"வாலு! ஓடிப்போய் தையல்காரரைக் கூட்டிட்டு வா. பாடம் பாக்கியிருக்கு!" என்று ஸ்டீயரிங்குக்குப் பின்னாலிருந்து அத்தை கத்தினாள்.

வாலு ஒரே தாவலில் சைக்கிளில் ஏறியது. சீட்டு சர்ரென்று உள்ளே இறங்க, முழங்கால் இரண்டும் தாடையில் வந்து இடித்தன.

பின்னாலேயே வந்த மாமா சட்டைப்பையிலிருந்து போல்ட்டை எடுத்தார். "சைக்கிள் சீட்டு போல்ட்டைக் கார்ல மாட்டுற அளவுக்கு உன் மாமா மக்கு இல்ல."

"அப்போ ஏன் தரையெல்லாம் உருண்டு தேடினீங்க?"

"ரெண்டு நாளா சிரிக்காதவ சிரிச்சா. நடுவுல நிறுத்தச் சொல்றியா?" குனிந்து சீட்டைத் தூக்கிப் போல்ட்டை முறுக்கினார். "அது இருக்கட்டும். நீ எதுக்கு வச்ச?"

"சும்மா. விளையாட்டுக்கு."

"விளையாட்டுக்குன்னா என் தட்டுலருந்து ஒன்னை ஒளிச்சு வச்சிருக்கலாமே. நான் இன்னும் நல்லா பதறியிருப்பேன். உன் சீட்டைக் கழட்டி எதுக்குடா வச்ச, வாலு?"

"தையல்காரர் கடையை மூடிடுவாரு, மாமா" என்று சொல்லிவிட்டு, வாலு, அதாவது இதை எழுதுகிற ஆள், திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை மிதித்தது.