தரையில் வாடை உண்டா?

நாற்பது வருஷமாக ஒரு கதையை நான் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி வந்திருக்கிறேன். இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் தூத்துக்குடியில் சங்கு குளிக்கிற ஒருவன் மோட்டார் சைக்கிளில் இமயமலைக்குப் போகத் திட்டம் போட்டான். அட்லஸ் பார்த்தான், பெட்ரோல் சேர்த்தான். எல்லாம் ஆயத்தமான பிறகு, 'வாடை விழுந்துவிட்டது, வடக்கே பார்த்துப் புறப்படக் கூடாது' என்று நின்றுவிட்டான். வாடை என்பது எங்கள் கரையில் ஐப்பசிக்கு மேல் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று. அது தொடங்கினால் 'விழுந்தது' என்போம், ஓய்ந்தால் 'விட்டது' என்போம். பாய் விரிக்கிற வள்ளத்துக்கு உள்ள விதியை மோட்டார் வண்டிக்கும் போட்டான் என்பதுதான் வேடிக்கை. கல்யாண வீடுகளிலும் ரயிலிலும் இதைச் சொல்லியிருக்கிறேன். சிரிக்காதவர்கள் இல்லை.

அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. வாடைப் பேச்சை முதலில் எடுத்தது அவனல்ல, நான்.

இதைக்கூடத் தெளிவாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. மாற்றி மாற்றிச் சொன்னதில், நடந்தது எது, நான் சேர்த்தது எது என்று எனக்கே குழம்பிக் கிடக்கிறது. இன்னொன்றும் உண்டு. கதையில்தான் 'அவன்' என்பேன். நேரில் 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். இங்கே அவர் என்றே எழுதுகிறேன்.

நான் நாசரேத் பக்கம் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் மகன். பி.ஏ. முடித்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். அவர் கடற்கரைத் தெருக்காரர், கத்தோலிக்க வேதக்காரர், தகப்பன் காலத்திலிருந்து சங்கு குளிக்கும் குடும்பம். சண்டைக்காலத்தில் துறைமுகத்தில் இருந்த பட்டாளத்துக்காரர்களுக்கு எடுபிடி வேலை செய்தபோது, வடக்கே இமயமலைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அவில்தார் அவருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பட்டாளம் போகும்போது பழைய வண்டிகளை ஏலம் விட்டார்கள். அவர் மனைவியை நான் மதினி என்பேன்; மதினியின் கழுத்துச் சங்கிலி ஒரு பச்சை வண்டியாக வீட்டு வாசலுக்கு வந்து நின்றது.

வண்டி வாங்கியது ஆசைக்காக மட்டும் அல்ல. இரண்டு சீசனாக அவர் காதில் சீழும் ரத்தமும் வந்துகொண்டிருந்தது. இன்னொரு சீசன் தண்ணீருக்குள் இறங்கினால் காது போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடலை விட்டால் அவருக்குத் தெரிந்த வேலை வண்டி ஓட்டுவது ஒன்றுதான்.

ஆவணியில் அந்தக் கடிதம் வந்தது. ஆபீஸ் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"ஏலே பி.ஏ., இதைக் கொஞ்சம் வாசில. இங்கிலீசுல எழுதிருக்கான். எழவு, அவனுக்கே இங்கிலீசு தெரியாது, எவன்ட்ட எழுதி வாங்குனானோ."

அவில்தார் ஊர் திரும்பி, மலையில் ரோடு போடுகிற ஒரு காண்டிராக்டரிடம் மேஸ்திரியாகச் சேர்ந்திருந்தார். ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்குக் காகிதம் கொண்டுபோக, சொந்த வண்டி உள்ள ஒருவன் வேண்டும். கார்த்திகை பாதியில் பனி விழுந்து பாதை அடைபட்டுவிடும். அதற்குள் வந்து சேர்ந்தால் வேலை உனக்கு, இல்லாவிட்டால் வேறொருவனுக்கு. இதுதான் விஷயம்.

"நீயும் வால," என்றார் உடனே. "எனக்கு அங்கன பாசை தெரியாது, ஒனக்கு இங்கிலீசாவது தெரியும். கொண்டு விட்டுட்டு நீ ரயில்ல திரும்பிரு. பனியைப் பாக்கணும் பாக்கணும்னு சொல்லுவியே."

சொல்லியிருந்தேன். கல்லூரியில் பனியைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். வருகிறேன் என்று கையடித்துக் கொடுத்தேன்.

பிறகு இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து அவரும், ஆராதனை முடிந்து நானும் அவர் வீட்டில் உட்கார்ந்து திட்டம் போட்டோம். அதைத் திட்டம் என்று சொல்லலாமா தெரியவில்லை. அப்பாவின் பள்ளிக்கூட அட்லஸைக் கொண்டு வந்திருந்தேன். சென்னை மாகாணம் ஒரு பக்கம், வட இந்தியா அடுத்த பக்கம். அண்ணன் வலைநூலை எடுத்து வளைவு வளைவாக வைத்து அளந்தார். தெற்குப் பக்கத்தில் ஒரு சாண் வந்தது. வடக்குப் பக்கத்தில் அரைச் சாண்கூட வரவில்லை. "பாத்தியா, மெட்ராசுதான் தூரம். அங்கயிருந்து இமயமலை இந்தா கெடக்கு," என்றார். இரண்டு பக்கத்துக்கும் அளவு வேறு என்பது எனக்கு மூன்றாம் வாரம்தான் தெரிந்தது. படித்தவன் நான். சொல்ல வெட்கமாக இருந்தது. நாள் கணக்கை மட்டும் ஒரு காரணமும் சொல்லாமல் இரண்டு மடங்காக்கினேன்.

இப்படித்தான் எல்லாமே. பெட்ரோல் ரேஷன் கூப்பன் நம் மாகாணத்துக்கு அப்பால் செல்லுமா என்று ஆபீசில் மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பதில் வந்தது. குளிருக்கு எவ்வளவு கம்பளி வேண்டும் என்று தெரியாது, கம்பளி போட்ட ஆளையே நாங்கள் பார்த்ததில்லை. மதினி பழைய வள்ளப் பாயை வெட்டி, உள்ளே பஞ்சு வைத்து, ஆளுக்கு ஒரு கோட்டுத் தைக்கத் தொடங்கினாள். போட்டுப் பார்த்தால் சாக்குமூட்டை மாதிரி இருந்தது.

"தம்பி, கையைத் தூக்கு. தூக்க முடியுதா?"

"முடியல மதினி."

"அப்பம் சரியாத்தான் தச்சிருக்கேன். குளிரு உள்ள வராது."

புரட்டாசியில் ஒரு நாள் ஓட்டப்பிடாரம் வரை பழகப் போனோம். பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஊர் எல்லையைத் தாண்டியதும் வண்டி வேகமெடுத்தது. ஒரு மாட்டுவண்டியை ஒதுக்கும்போது எங்கள் வண்டி மணலில் சறுக்கியது. விழவில்லை, அடியும் படவில்லை. ஆனால் அங்கிருந்து போகவர முழுவதும் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். வீட்டு வாசலில் இறங்கினோம். "எப்படில இருந்துச்சு?" என்று கேட்டார். "நல்லா இருந்துச்சு அண்ணே," என்றேன்.

பயமாக இருக்கிறது என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், கேலி செய்திருப்பார், வேறு ஆளைத் தேடியிருப்பார். இல்லாவிட்டால் பாஷை தெரியாமலே தனியாகப் போயிருப்பார். நான் ஏன் சொல்லவில்லை? இத்தனை வருஷம் கழித்தும் எனக்குப் பிடிபடவில்லை. வடக்கே கலகம் என்று பேப்பர்கள் எழுதிக்கொண்டிருந்தன. அதையாவது காரணம் காட்டியிருக்கலாம், அது நேர்மையாக இருந்திருக்கும். ஆனால் அதற்கெல்லாம் அவர் அசையமாட்டார் என்று எனக்குத் தெரியும். எதற்கு அசைவார் என்பதும் தெரிந்திருந்தது போலும்.

ஐப்பசியில் புறப்பட மூன்று நாள் இருந்தது. காலையில் ஆபீசுக்குப் போகும் வழியில் துறைமுகக் கொடிக்கம்பத்தைப் பார்த்தேன். கொடி தெற்கே பார்த்து விறைத்து நின்றது. அதைக் கண்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நன்றாக நினைவிருக்கிறது. மற்றதெல்லாம் குழம்பினாலும் அந்த நிம்மதி குழம்பவில்லை.

சாயங்காலம் போனேன். அண்ணன் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மதினி கோட்டுக்குப் பித்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாடை விழுந்திட்டே அண்ணே," என்றேன்.

"ஆமா, விடியக்காலத்திலேயே விழுந்திட்டு."

"நாம வடக்க பாத்துல்லா போறோம்."

அவர் சிரித்தார். "ஏலே, வண்டிக்குப் பாயா கட்டிருக்கு?"

ஆனால் மதினி தலையைத் தூக்கிவிட்டாள். "தம்பி சொல்லுதது சரிதான. வாடைக்கு எதிர எவன் வடக்க போயிருக்கான்? எங்க தெருவுல உண்டா, ஒங்க தெருவுல உண்டா?"

"ஏளா, அது கடலு. இது ரோடு."

"கடல்ல அடிக்க காத்துதான ரோட்டுலயும் அடிக்கி? இந்தா பாரும், கொடியில போட்ட துணி எங்கன பறக்குன்னு."

அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கடற்கரையில் காற்றுப் பேச்சு வந்தால் அதைக் கேலியாக விட்டுவிட மாட்டார்கள். வாடை நேரே அடிக்கும்போது வடக்கே வள்ளம் எடுப்பது வெறும் முட்டாள்தனம் என்றில்லை, சாமிக்குச் சவால் விடுகிற மாதிரி. தயங்கினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீ சொல்லுல. நீதான் படிச்சவன். தரையில வாடை உண்டா? அங்கன, அந்த ரெண்டாம் பக்கத்துல?"

மதுரையைத் தாண்டினால் எங்கள் வாடையை ஒரு மனுஷனும் கேள்விப்பட்டிருக்க மாட்டான். என்ஜினுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. கார்த்திகை பாதியில் பாதை அடைபடும் என்று கடிதத்தை வாசித்துச் சொன்னதும் நான்தான்.

"உண்டு அண்ணே," என்றேன். "வாடையே அங்கயிருந்துதான வருது. போகப் போகப் பலமாத்தான் இருக்கும்."

"அப்பம் பனி?"

"பனி சில வருசம் பிந்தி விழும். மாசியில வாடை அடங்கிரும். அப்பம் போவோம்."

அவர் எழுந்தார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, காத்து விடட்டும்," என்றார். புயலில் கரையேறிய வள்ளக்காரர்கள் சொல்கிற சொல் அது. நான் சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். மதினி எனக்கு மீன் இன்னொரு துண்டு வைத்தாள்.

வண்டிக்குச் சாக்குப் போட்டு மூடினார்கள். கார்த்திகை கழிந்தது. மார்கழியில் அண்ணன், "சும்மா இருக்க முடியலைல, கொஞ்ச நாளைக்கு எறங்கிட்டு வாரேன்," என்று சொல்லிச் சங்குக்குப் போனார். டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். அப்போதும் வாய் திறக்கவில்லை. தை மாதம் ஒரு நாள் தண்ணீருக்கு மேலே வந்தபோது இரண்டு காதிலிருந்தும் ரத்தம் வழிந்தது. பத்து நாள் படுக்கையில் கிடந்து எழுந்தபோது பக்கத்தில் வைத்துக் கத்தினால்தான் ஏதோ கேட்டது.

மாசியில் அவில்தாரின் இரண்டாம் கடிதம் வந்தது. அதை வாசிக்கவும் நான்தான் வேண்டும். அவர் காதோரம் வாயை வைத்துக் கத்தினேன். பாதை கார்த்திகையில் அடைபட்டது. உனக்காக ஒரு வாரம் பார்த்தோம். வேலையை இன்னொருவனுக்குக் கொடுத்தாயிற்று. மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு வந்து பார்த்தாள். மூன்றாம் தடவைதான் புரிந்துகொண்டார்.

"போவுது," என்றார். காது கேளாதவர்கள் பேசுகிற மாதிரி உரக்க. "காத்து அப்படி. நாம என்ன செய்ய? நல்லவேளை நீ சொன்ன. இல்லன்னா நடுவழியில மாட்டியிருப்போம்."

எனக்கு ஆறுதல் சொல்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு, சாதாரணக் குரலில், "தரையில வாடை கெடையாது அண்ணே. எனக்கு வண்டியில வர பயம். அதான் சொன்னேன்," என்றேன்.

அவர் என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டுச் சிரித்து, "ஆமா, ஆமா," என்றார்.

அவருக்குக் கேட்காது என்று தெரிந்துதான் சொன்னேனா, கேட்கட்டும் என்று சொன்னேனா? இன்றுவரை தெரியவில்லை. நிமிர்ந்தபோது மதினி இரண்டு டம்ளரில் காப்பியோடு பின்னால் நின்றாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ஒரு டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். மற்றதை எனக்கு முன்னால் தரையில் வைத்தாள். குடித்தேன், என்ன ருசி என்று தெரியவில்லை. எழுந்து, "வாரேன் மதினி," என்றேன்.

"சரிங்க அய்யா," என்றாள்.

அதுவரை அவள் என்னைத் தம்பி என்று தவிர வேறு சொல்லி அழைத்ததில்லை.

மறுநாள் ஆபீஸ் விட்டு அந்தத் தெரு வழியாகப் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. வாசலில் உட்கார்ந்து, எனக்கென்று தைத்த பாய்க்கோட்டை அவள் தையல் தையலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அண்ணன் அந்த நூலைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் அவரிடம் சொல்லிவிட்டாளா, சொல்லவில்லையா என்று முகத்தில் தேடினேன். என்னைக் கண்டதும் நூல் சுற்றிய கையைத் தூக்கி, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"ஏலே பி.ஏ.! வாடை விட்டுட்டு, பாத்தியா!"

அவள் தலை நிமிரவில்லை.